ஆர்டர் செய்யாத பார்சல் வீட்டுக்கு வந்தால்: வாசலில் தொடங்கி நுகர்வோர் ஆணையம் வரை

போன ஆடி மாதம் ஒரு மத்தியானம் அம்மா போன் செய்தார். "உனக்கு ஒரு பார்சல் வந்துச்சுப்பா. அறுநூத்து நாப்பத்தொம்பது ரூபா குடுத்து வாங்கி வெச்சிருக்கேன்."

நான் எதையும் ஆர்டர் செய்யவில்லை. வீடியோ காலில் பிரிக்கச் சொன்னேன். உள்ளே இருந்தது திருவிழாக் கடையில் முப்பது ரூபாய்க்குக் கூவி விற்கிற பிளாஸ்டிக் மசாஜ் உருளை. அதில் ஒரு சக்கரம் ஏற்கெனவே கழன்றிருந்தது. "பேரு, இனிஷியல், தெரு எல்லாம் சரியா இருந்துச்சே" என்றார் அம்மா. அவரைக் குறை சொல்ல முடியாது. எல்லாம் சரியாக இருப்பதுதான் இந்த மோசடியின் மூலதனமே.

அதற்கு முன்னாலும் தெரியாத பார்சல்கள் வீட்டுக்கு வந்ததுண்டு. பக்கத்துத் தெருக்காரருடைய மிக்ஸி ஜார் வந்தது. நான் கேட்ட ஒரு புத்தகத்துக்குப் பதிலாக அதையே இரண்டு பிரதி அனுப்பினார்கள். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. ஆனால் எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒன்றுதான்: பெட்டியைப் பிரிக்காதீர்கள், லேபிளைப் படியுங்கள்.

1. வாசலில் நிற்கும்போதே லேபிளைப் படியுங்கள்

பெட்டியின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாளில் நமக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. மேலே பெறுபவர் பெயர், முகவரி, பின்கோடு. நடுவில் பெரிய பார்கோடு, அதன் கீழே நீளமான எண். கூரியர்காரர்கள் அதை ஏ.டபிள்யூ.பி. எண் என்பார்கள், நாம் டிராக்கிங் நம்பர் என்கிறோம். ஒரு மூலையில் ஆர்டர் எண். கடைசியில் பொடி எழுத்தில் விற்பனையாளர் பெயரும், டெலிவரி ஆகாவிட்டால் எங்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்ற முகவரியும் இருக்கும். பல லேபிள்களில் எடையும் அச்சாகியிருக்கும். பின்னால் அது உதவும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று: பிரீபெய்டு என்று போட்டிருக்கிறதா, சி.ஓ.டி. என்று போட்டுத் தொகை எழுதியிருக்கிறதா?

சி.ஓ.டி. என்றால், அதாவது கையில் காசு கொடுத்து வாங்க வேண்டியது என்றால், வீட்டில் யார் போட்டது என்று உறுதியாகத் தெரியாதவரை பத்து பைசா கொடுக்காதீர்கள். "தம்பி, இது நாங்க போடலை, ரிட்டர்ன் போட்டுடுங்க" என்றால் போதும். அவர் தன் போனில் 'வாடிக்கையாளர் மறுத்துவிட்டார்' என்று பதிவு செய்துவிட்டுக் கிளம்பிவிடுவார். மறுப்பதால் உங்களுக்கு அபராதம் எதுவும் கிடையாது. டிராக்கிங்கில் பிறகு ஆர்.டி.ஓ. என்று காட்டினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் என்று மிரள வேண்டாம். அனுப்பியவருக்கே திரும்பிப் போகிறது என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் சுருக்கம் அது.

கொண்டுவந்தவரோடு சண்டை போடாதீர்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. மொட்டை வெயிலில் பத்தாவது மாடிவரை ஏறி வந்தவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து அனுப்பலாம், பணம் மட்டும் வேண்டாம்.

2. ஓ.டி.பி. கேட்டால்

விலை உயர்ந்த பொருள்களுக்கு டெலிவரி ஓ.டி.பி. உண்டு. ஆர்டர் போட்டவருடைய போனுக்கு வரும், பொருளைக் கையில் வாங்கும்போது சொல்ல வேண்டும். இது முறையானது.

முறையற்றது இப்படி நடக்கும். ஒருவர் பார்சலோடு வருகிறார், அல்லது போனில் மட்டும் பேசுகிறார். "நாங்க ஆர்டர் பண்ணலையே" என்கிறீர்கள். "பரவாயில்லை சார், கேன்சல் பண்ணிடறேன், உங்க நம்பருக்கு ஒரு கோடு வரும், சொல்லுங்க" என்கிறார். அந்தக் கோடு பெரும்பாலும் கேன்சல் கோடாக இருக்காது. உங்கள் வாட்ஸ்அப்பை இன்னொரு போனில் திறப்பதற்கானதாகவோ, வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுப்பதற்கானதாகவோ இருக்கும். வேண்டாம் என்று வாசலில் மறுப்பதற்கு உங்கள் போனிலிருந்து எந்த எண்ணையும் சொல்ல வேண்டியதில்லை. மெசேஜ் வந்திருந்தால் எண்ணை மட்டும் பார்க்காமல் முழு வரியையும் படியுங்கள். எதற்கான ஓ.டி.பி. என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும்.

3. வீட்டுக்குள் விசாரணை

பிரீபெய்டு பார்சல், உங்கள் பெயர்தான், வாங்கியும் வைத்துவிட்டீர்கள். சரி, இப்போது அவசரமில்லை. முதலில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லேபிளின் படத்தைப் போட்டு "இது யாருடையது?" என்று கேளுங்கள். என் அனுபவத்தில் பாதி மர்மம் இங்கேயே தீர்ந்துவிடும். பெங்களூரில் இருக்கும் தம்பி அம்மாவுக்குப் பிரஷர் பார்க்கும் கருவி அனுப்பியிருப்பான், சொல்ல மறந்திருப்பான். இரண்டு மாதத்துக்கு முன் முன்பதிவு செய்த புத்தகம் இப்போது வந்திருக்கும். மூன்று பொருள் கொண்ட ஒரே ஆர்டரை மூன்று பெட்டியாகப் பிரித்து அனுப்பியிருப்பார்கள்.

அப்படியும் தெரியவில்லை என்றால், நீங்கள் பயன்படுத்தும் ஷாப்பிங் செயலிகளைத் திறந்து ஆர்டர் பட்டியலைப் பாருங்கள். கேன்சல் செய்தவற்றையும் சேர்த்துப் பாருங்கள். கேன்சல் ஆவதற்குள் கிடங்கிலிருந்து கிளம்பிவிட்ட பெட்டி சாவகாசமாக வந்து சேர்வது வழக்கம்தான்.

நீங்கள் போடாத ஆர்டர் உங்கள் பட்டியலிலேயே இருந்தால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். உங்கள் கணக்குக்குள் வேறு யாரோ நுழைந்திருக்கிறார்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள், எல்லா கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள், சேமித்து வைத்த கார்டுகளை நீக்குங்கள், வங்கிக் கணக்கையும் கார்டு பில்லையும் ஒருமுறை பாருங்கள். பணம் போயிருந்தால் நேராகப் பத்தாவது பகுதிக்குப் போய்விடுங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம்.

4. பக்கத்து வீட்டுப் பார்சல்

சென்னையில் இது தனி ரகம். பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவு எண்ணோடு வாழும் ஊர் இது. எங்கள் வீடு புதிய எண் 27, பழைய எண் 14. எதிர்ப்பக்கம் நாலு வீடு தள்ளி ஒரு வீட்டுக்குப் பழைய எண் 27. இரண்டு வீட்டிலும் ஒரு குமார். போதாதற்கு நகர், விரிவு, முதல் குறுக்கு, மூன்றாம் குறுக்கு என்று ஒரே பெயரில் ஏழெட்டுத் தெருக்கள். இந்த நிலையில் பெட்டி சரியான வாசலுக்குப் போய்ச் சேருவதுதான் ஆச்சரியம்.

லேபிளில் வேறு பெயர் இருந்து ஆளையும் உங்களுக்குத் தெரியும் என்றால், நேராகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். கொடுத்ததற்கு அடையாளமாக ஒரு படமோ, "உங்க பார்சல் கொடுத்தாச்சு" என்ற ஒரு வாட்ஸ்அப் செய்தியோ இருக்கட்டும். அடுக்குமாடியில் வாட்ச்மேனிடம் கொடுத்தால் அவருடைய நோட்டில் எழுத வையுங்கள். நாளை ஏதாவது பேச்சு வந்தால் அந்த ஒரு வரிதான் பேசும்.

ஆள் தெரியாவிட்டால் லேபிளில் உள்ள கூரியர் நிறுவனத்தின் செயலியிலோ இணையதளத்திலோ டிராக்கிங் எண்ணைப் போட்டு, தவறான முகவரியில் டெலிவரி ஆகிவிட்டது என்று புகார் பதியுங்கள். அன்றைக்கே கொண்டுவந்தவரின் எண் போனில் இருந்தால் அவரையே கூப்பிட்டுவிடுவது இன்னும் எளிது. மிக்ஸி ஜாரை அப்படித்தான் திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்கு வந்த பையன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "கிடைக்கலைன்னா என் சம்பளத்துல பிடிச்சிருப்பாங்க சார்" என்றான். அதிலிருந்து, மாறி வந்த பெட்டி என் மேஜையில் ஒரு இரவு இருப்பதே எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

மாறி வந்தது மருந்தாக இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள், யாரோ ஒருவர் அந்த வேளை மாத்திரைக்காகக் காத்திருப்பார். வங்கிக் கார்டு, பாஸ்போர்ட் உறை போன்றவற்றைப் பிரிக்காமல் கூரியரிடமோ தபால்காரரிடமோ திருப்பிக் கொடுங்கள். மளிகையும் காய்கறியும் மாறி வந்தால் செயலியில் தகவல் சொல்லுங்கள். பெரும்பாலும் திரும்ப எடுத்துப் போக மாட்டார்கள்.

5. உங்கள் ஆர்டர்தான், பொருள் வேறு

போன் கேட்டால் சோப்புக் கட்டி, லேப்டாப் கேட்டால் செங்கல் என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அவ்வளவு தூரம் போகாமல், கேட்ட அளவு வேறு, வந்த நிறம் வேறு என்பதே அதிகம். இங்கே ஜெயிப்பவர் ஆதாரம் வைத்திருப்பவர்.

விலை உயர்ந்த பொருள் என்றால், ஓபன் பாக்ஸ் டெலிவரி வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கொண்டுவந்தவரே உங்கள் முன்னால் பெட்டியைப் பிரித்துக் காட்டுவார், சரியாக இருந்தால்தான் ஓ.டி.பி. சொல்ல வேண்டும். பிரிப்பதற்கு முன்பே ஓ.டி.பி. கேட்டால் சொல்லாதீர்கள். "அடுத்த டெலிவரிக்கு லேட்டாகுது சார்" என்பார். உண்மையாகவே லேட்டாகும்தான், ஆனாலும் சொல்லாதீர்கள்.

அந்த வசதி இல்லையென்றால் வீடியோ எடுங்கள். எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வீட்டில் ஒருவர் போனைப் பிடிக்க, இன்னொருவர் பிரிக்கட்டும். முதலில் லேபிளைப் படிக்கும்படி நெருக்கமாகக் காட்டுங்கள். பெட்டியை ஆறு பக்கமும் திருப்பி, ஒட்டிய டேப் கிழியாமல் இருப்பதைக் காட்டுங்கள். சமையலறைத் தராசு இருந்தால் அதன் மேல் வைத்து எடையைக் காட்டுங்கள். லேபிளில் 1.2 கிலோ என்று இருந்து தராசு 400 கிராம் காட்டினால் வாதம் அங்கேயே பாதி முடிந்துவிட்டது. அப்புறம் கத்தி. பிரிக்கத் தொடங்கியதிலிருந்து உள்ளே இருப்பதை வெளியே எடுக்கும்வரை பெட்டி ஒரு நொடிகூடச் சட்டகத்தை விட்டு வெளியே போகக் கூடாது, பதிவை நடுவில் நிறுத்தவும் கூடாது. வெட்டி ஒட்டிய வீடியோவை யாரும் நம்ப மாட்டார்கள்.

"ரிட்டர்ன் கிடையாது" என்று பொருளின் பக்கத்தில் போட்டிருந்தாலும் கவலை வேண்டாம். மனம் மாறித் திருப்பிக் கொடுப்பதற்குத்தான் அந்த வரி. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ இருந்தால் விற்பனையாளர் திரும்ப வாங்க மறுக்க முடியாது. புகாரில் இந்த விதியின் பெயரை ஒரு வரி எழுதிப் பாருங்கள், பதிலின் தொனியே மாறும்.

6. நிறுவனத்துக்குச் சொல்வது எப்படி

ஒரே ஒரு எச்சரிக்கையை இங்கே உரக்கச் சொல்கிறேன். கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். தேடினால் வரும் எண்களில் மோசடிக்காரர்கள் வைத்த எண்களும் கலந்திருக்கின்றன. போன் எடுத்தவர் மிகுந்த பணிவோடு, "ரீஃபண்டுக்கு ஒரு செயலி இறக்குங்கள்" என்பார். அது உங்கள் போன் திரையை அவருக்குக் காட்டும் செயலியாக இருக்கும். ஷாப்பிங் செயலிக்குள்ளேயே இருக்கும் உதவிப் பகுதி மட்டும்தான் சரியான வழி.

போனில் பேசுவதைவிட எழுத்தில் சொல்வது நல்லது. நீளமாகப் புலம்ப வேண்டாம். நான் எழுதியது இவ்வளவுதான்:

"இன்று காலை 11 மணிக்கு இந்த டிராக்கிங் எண் கொண்ட பார்சல் என் முகவரிக்கு வந்தது. நான் ஒரு பிரதி கேட்டிருந்தேன், இரண்டு வந்துள்ளன. கூடுதல் பிரதியைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். உங்கள் செலவில் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். லேபிளின் படத்தை இணைத்துள்ளேன்."

'உங்கள் செலவில்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அவர்கள் தவறுக்கு நீங்கள் கூரியர் கட்டணம் கட்டி, ஆட்டோ பிடித்துப் போக வேண்டிய அவசியம் இல்லை. புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். அதே மின்வணிக விதிகள்படி, குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தங்கள் தளத்தில் வெளியிடுவது நிறுவனங்களின் கடமை. பக்கத்தின் அடிவாரத்தில் பொடி எழுத்தில் இருக்கும், தேடினால் கிடைக்கும்.

7. வைத்துக்கொள்ளலாமா?

எல்லோரும் கேட்க நினைக்கிற கேள்வி இது. இணையத்தில் தேடினால் "கேட்காமல் வந்தது இலவசம், வைத்துக்கொள்ளலாம்" என்று வரும். அது அமெரிக்கச் சட்டம். கேட்காத பொருளைத் தபாலில் அனுப்பிவிட்டுப் பணம் கேட்டு மிரட்டிய வியாபாரிகளை அடக்க, அங்கே பெற்றவரே அதைப் பரிசாகக் கருத வழி செய்தார்கள். பிரிட்டனிலும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. அங்கேயும்கூட, தவறிப்போய் உங்கள் வீட்டுக்கு வந்த அடுத்தவர் பார்சலுக்கு இது பொருந்தாது.

நம் நாட்டில் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 72-ஆம் பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தையோ பொருளையோ பெற்றவர் திருப்பித் தர வேண்டும். அடுத்தவர் பொருள் என்று தெரிந்தே எடுத்துப் பயன்படுத்தினால் விவகாரம் குற்றவியல் பக்கம் போகும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவு. உரிமையாளருக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக எடுத்து வைத்திருப்பது குற்றமில்லை என்று அதன் விளக்கமே சொல்கிறது. உரிமையாளரைக் கண்டுபிடிக்க வழி இருந்தும் தனதாக்கிக்கொள்வதுதான் குற்றம். பெயரும் முகவரியும் ஆர்டர் எண்ணும் ஒட்டிய பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு 'கண்டுபிடிக்க வழியில்லை' என்று சொல்ல முடியாதல்லவா?

இருநூறு ரூபாய்ப் பொருளுக்காக யாரும் வழக்குப் போடப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். பல சமயம் நிறுவனமே "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடும், எடுத்துப் போகும் செலவு பொருளின் விலையைத் தாண்டிவிடும் என்பதால். அப்படிச் சொன்னால் அதை எழுத்தில் வாங்கி, திரையைப் படமெடுத்து வையுங்கள். என் இரண்டாவது பிரதிக்கு அப்படித்தான் பதில் வந்தது. அது இப்போது எங்கள் தெருமுனை நூலகத்தில் இருக்கிறது.

பதிலே வராவிட்டால்? என் வழக்கம்: ஒரு வாரம் இடைவெளியில் இன்னும் இரண்டு முறை எழுதுவேன், பிரிக்காமல் உலர்ந்த இடத்தில் வைத்திருப்பேன். எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் கணக்குச் சொல்லவில்லை. நீங்கள் நேர்மையாக முயன்றதற்கான தடயம் கையில் இருப்பதுதான் முக்கியம்.

8. திரும்ப எடுக்க வருபவரிடம் கொடுக்கும்போது

செயலியில் பிக்கப் பதிவான பிறகு வருபவரிடம் மட்டுமே கொடுங்கள். அவர் பார்கோடை ஸ்கேன் செய்வார், உங்களுக்கு மெசேஜ் வரும். பெட்டி அவர் கையில் போவதை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பதிவும் இல்லாமல், "தவறா வந்திடுச்சு, குடுங்க" என்று யாராவது வந்து நின்றால் கொடுக்காதீர்கள். திருட்டுக் கார்டில் போன் வாங்கி, அதை அறியாத ஒருவர் வீட்டு முகவரிக்கு அனுப்பி, பிறகு கூரியர்காரர் வேடத்தில் வந்து வாங்கிப் போகிற வேலை இருக்கிறது. நாளை விசாரணை வந்தால் டெலிவரி எடுத்த முகவரி உங்களுடையது.

இன்னொன்று, ரீஃபண்ட் வர க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள், யு.பி.ஐ. பின் போடுங்கள் என்றால் உடனே போனை வையுங்கள். பணம் வந்து சேர யு.பி.ஐ. பின் நம்பர் தேவையே இல்லை.

9. சும்மா வந்த பொருள், பின்னால் வரும் அழைப்பு

உங்கள் பெயர், உங்கள் முகவரி, காசும் கேட்கவில்லை, உள்ளே ஒரு சாவிக்கொத்து அல்லது மலிவான மோதிரம். யாருக்காவது நம் மேல் திடீர்ப் பாசமா? இதற்கு பிரஷிங் என்று பெயர். ஒரு விற்பனையாளர் போலிக் கணக்கில் தன் பொருளைத் தானே வாங்குகிறார். டெலிவரி ஆனதாகக் காட்ட ஏதோ ஒரு நிஜ முகவரிக்கு எடை குறைந்த எதையாவது அனுப்புகிறார். அப்புறம் 'வாங்கியவர்' என்ற முத்திரையோடு ஐந்து நட்சத்திர விமர்சனம் எழுதிக்கொள்கிறார். 2020-இல் அமெரிக்காவில் ஏராளமான வீடுகளுக்கு யாரும் கேட்காத விதைப் பொட்டலங்கள் வந்தபோது, அந்நாட்டு வேளாண் துறை சொன்ன காரணமும் இதுதான். அதே ஆண்டு நம் மத்திய வேளாண் அமைச்சகமும் மாநிலங்களை எச்சரித்தது. அப்படி விதை வந்தால் தொட்டியில் போட்டுப் பார்க்காதீர்கள். வேளாண் அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

மற்றபடி பிரஷிங் பார்சலால் நேரடி ஆபத்து குறைவு. ஆனால் உங்கள் பெயரும் முகவரியும் எங்கிருந்தோ கசிந்திருக்கின்றன என்று அர்த்தம். பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், அந்தத் தளத்தில் புகார் செய்யுங்கள். உள்ளே க்யூஆர் கோடு அச்சடித்த சீட்டு இருந்தால் ஆர்வத்தில் ஸ்கேன் செய்யாதீர்கள். நம்மூரில் அதன் அண்ணன் ஒருவர் உண்டு: ஸ்கிராட்ச் கார்டு. சுரண்டினால் கார் விழும், எப்போதும் முதல் பரிசுதான் விழும். பரிசை வாங்க ஜி.எஸ்.டி. கட்டணம் என்று முதலில் சில ஆயிரம் கேட்பார்கள், கட்டியதும் அடுத்த கட்டணம் வரும்.

பார்சலே வராமல் பார்சலின் பெயரில் வரும் ஆபத்துதான் பெரியது. "உங்கள் முகவரி முழுமையாக இல்லை, 12 மணி நேரத்துக்குள் புதுப்பிக்கவும்" என்று அஞ்சல் துறையின் பெயரில் லிங்க் வரும். போலி என்று மத்திய அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு பலமுறை சொல்லியாகிவிட்டது. "டெலிவரி பையனோடு பேச இந்த எண்ணை அழுத்துங்கள்" என்று *21* அல்லது *401* என்று தொடங்கும் எண்ணைத் தருவார்கள். அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்புகள் அவர்களுக்குப் போய்விடும், வங்கி குரல்வழியில் சொல்லும் ஓ.டி.பி.யும் சேர்த்து. தெரியாமல் அழுத்திவிட்டால் ##002# போட்டு எல்லா திருப்புதலையும் நீக்குங்கள்.

கடைசியாக, "உங்கள் பெயரில் போன பார்சலில் போதைப்பொருள் சிக்கியிருக்கிறது, நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள்" என்று போலீஸ் உடையில் வீடியோ காலில் வருவார்கள். நம் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்றே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைச் சொல்ல வேண்டி வந்தது. துண்டித்துவிடுங்கள். மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம்.

10. பணம் போய்விட்டது என்றால்

அம்மாவின் 649 ரூபாய்க்கு வருவோம். சி.ஓ.டி. பணம் உடனே விற்பனையாளர் கைக்குப் போய்விடாது. கூரியர் நிறுவனம் வசூலித்து, சில நாள் கழித்துத்தான் கணக்குத் தீர்க்கும். அதனால் அன்றைக்கே புகார் செய்வதில் அர்த்தம் இருக்கிறது. டிராக்கிங் எண், கொடுத்த தொகை, லேபிளின் படம், உள்ளே இருந்த பொருளின் படம் எல்லாவற்றையும் போட்டு, "ஆர்டர் செய்யாத பொருள், விற்பனையாளருக்குப் பணம் தர வேண்டாம்" என்று கூரியர் நிறுவனத்துக்கு எழுதினேன். இரண்டு நாள் இயந்திரப் பதில்களே வந்தன.

மூன்றாம் நாள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தேன். தமிழிலேயே பேசலாம். இதே புகாரைச் செயலி வழியாகவும் பதியலாம். புகார் எண் கொடுத்து நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். இருபத்துமூன்றாம் நாள் அம்மாவின் கணக்கில் பணம் வந்தது. வட்டி, மன்னிப்பு எதுவும் வரவில்லை.

ஓ.டி.பி. சொல்லியோ லிங்கைத் தொட்டோ வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் 1915 அல்ல, 1930. சைபர் குற்றங்களுக்கான எண் இது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்பு இருக்கிறது. வங்கிக்கும் உடனே சொல்லிக் கார்டை நிறுத்துங்கள். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியார் மோசடியில் போன பணத்தை, மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் உங்கள் பொறுப்பு பூஜ்யம் என்பது ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு விதி. நீங்களே ஓ.டி.பி. சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் உங்கள் தலையில். அதனால்தான் வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளிப்போடக் கூடாது.

எதுவும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்வரை உள்ள வழக்குகளை அது எடுத்துக்கொள்ளும், 5 லட்சம்வரை கட்டணமே இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், விற்பனையாளர் சூரத்திலோ டெல்லியிலோ இருந்தாலும் சரி. பிரச்சினை நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். வக்கீல் கட்டாயமில்லை, இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம். அறுநூறு ரூபாய்க்கு இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. ஐம்பதாயிரம் ரூபாய் போன் என்றால் தயங்காமல் போங்கள்.

11. பெட்டியை வெளியே போடும் முன்

இதை யாரும் சொல்வதில்லை. நாம் பழைய பேப்பர்காரரிடம் போடும் ஒவ்வொரு அட்டைப் பெட்டியிலும் நம் பெயர், முகவரி, சில சமயம் போன் எண்ணும் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்த மசாஜ் உருளைக்கு முகவரி எங்கிருந்து கிடைத்திருக்கும் என்று யோசித்தபோது, மாடிப்படிக்குக் கீழே லேபிளோடு அடுக்கியிருந்த பதினேழு பெட்டிகள்தான் முதலில் கண்ணில் பட்டன.

கிழித்தால் பாதிதான் வரும், பேனாவால் கிறுக்கினால் வெளிச்சத்தில் தெரியும். ஆனால் இந்த லேபிள்களில் பெரும்பாலானவை மையில்லாமல் சூட்டில் அச்சாகும் தாள். மேலே ஒரு துணியைப் போட்டுச் சூடான இஸ்திரிப் பெட்டியை ஒரு முறை ஓட்டினால், வெள்ளைத் தாள் முழுக்கக் கறுத்துப்போய் ஓர் எழுத்தும் தெரியாது. அம்மாவுக்கு ஒரு தடவை செய்து காட்டினேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை துணி தேய்த்து முடித்ததும், "அந்தப் பெட்டியெல்லாம் எடுத்துட்டு வா, சூடு ஆறுறதுக்குள்ள முடிச்சிடலாம்" என்று குரல் கொடுக்கிறார்.